பெர்குசன் – மர்ரே கடிதங்கள்: ராமேஸ்வரம் பிரகாரத்துப் படத்துக்குக் காசு கொடுத்தது யார்?

கீழக்கரை பிரஸ்காரர்:

ஜேம்ஸ் பெர்குசன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் எழுதி 1876-இல் லண்டனில் வெளிவந்த இந்தியக் கட்டடக்கலை வரலாற்றில் நம்ம ராமேஸ்வரம் கோயில் பிரகாரத்துப் படம் ஒன்று இருக்கிறது. புத்தகத்தைப் போட்டவர் ஜான் மர்ரே. இந்த ஆசிரியரும் பதிப்பாளரும் எழுதிக்கொண்ட கடிதங்கள் எங்கே இருக்கின்றன? நம்மைப் போல வெளியாள் போய்ப் பார்க்க முடியுமா? பார்த்தவர் யாராவது இங்கே உண்டா?

கேள்வி அவ்வளவுதான். காரணம் சொல்லாமல் விட்டால் "உங்களுக்கு எதுக்கு பாய் இதெல்லாம்" என்று ஒருத்தர் வருவார். அதனால் சொல்லிவிடுகிறேன்.

எனக்குத் தொழில் அச்சு. கல்யாணப் பத்திரிகை, மவுத்துச் செய்தி, மதரஸா நோட்டீஸ், மீன் கம்பெனி பில் புக் என்று காலம் ஓடியது. இப்போது ஆஃப்செட்டை மகன் பார்த்துக்கொள்கிறான். காலால் மிதித்து ஓட்டும் பழைய ட்ரெடில் மெஷின் மூலையில் துணி போர்த்திக் கிடக்கிறது. கட்டடக்கலை எனக்குத் தெரியாது. பிளாக் தெரியும்.

பிளாக் என்றால் என்ன என்று கேட்கிற பிள்ளைகளுக்கு: அந்தக் காலத்தில் ஈய எழுத்தோடு சேர்த்துப் படம் அடிக்க வேண்டுமானால், படமும் எழுத்தின் உயரத்துக்கே நிற்க வேண்டும். மதுரையில் கொடுத்து ஜிங்க் தகட்டில் படம் எடுத்து, கட்டையில் ஆணி அடித்துக் கொண்டுவருவோம். உயரம் ஒரு மயிரிழை குறைந்தால் அடியில் காகிதம் ஒட்டி ஏற்றுவோம். கூடிவிட்டால் படம் தாளைக் குத்தும், பக்கத்தில் இருக்கிற எழுத்து பதியாது. பிளாக் கூலி பார்ட்டி தலையில். ஆனால் வேலை முடிந்த பிறகு பிளாக்கை யாரும் கேட்டு வாங்கிப் போவதில்லை. அடுத்த வீட்டுக் கல்யாணத்துக்கும் அதே ரோஜாப்பூதான், புதுசுக்கு உண்டான காசுதான். தொழில் ரகசியம், மன்னித்துக்கொள்ளுங்கள்.

இப்போது பெர்குசனுக்கு வருகிறேன். இணையத்தில் இருக்கும் ஸ்கேனைப் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். எனக்கு முதலில் கண்ணில் பட்டது கோபுரம் இல்லை. எழுத்தும் படமும் ஒரே பக்கத்தில் சேர்ந்து நிற்பதுதான். அப்படியென்றால் மரச்செதுக்கு. பாக்ஸ்வுட் என்கிற கெட்டிக் கட்டை, பலகை முகத்தில் இல்லாமல் குறுக்கே அறுத்த முகத்தில் ஊசி மாதிரி உளியால் கோடு கோடாக எடுப்பது. அந்த மரம் பருக்காது. அதனால் பெரிய படத்துக்குச் சின்னச் சின்னத் துண்டுகளைச் சேர்த்துத் திருகி இறுக்குவார்கள். பிரகாரப் படத்தில் அந்த இணைப்புக் கோடு தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தேன். ஸ்கேன் பிசிறடிக்கிறது, ஒன்றும் பிடிபடவில்லை.

இதே பெர்குசன் 1848-இல் போட்ட படப் புத்தகம் கல்லச்சு, அதாவது கல்லின் மேல் வரைந்து அடிப்பது. கல்லச்சு அழகாக இருக்கும், ஆனால் எழுத்தோடு சேராது. தனித் தாள், தனி மெஷின், தனிக் கூலி. வாங்குகிறவன் பிரபுவாக இருக்க வேண்டும். மர்ரேயிடம் வந்த பிறகு எழுத்துக்கு நடுவே படம், கையில் பிடித்து வாசிக்கிற அளவு. ஒரு பக்கத்தில் படம், அடுத்த பக்கத்தில் தரைப்படம் (கட்டடத்தை மேலிருந்து பார்த்த மாதிரி வெறும் கோட்டுப் படம்), அதற்கு அடுத்ததில் இன்னொரு படம். இத்தனைக் கட்டையையும் செதுக்கக் கொடுத்தது யார்? ஆசிரியரா, பதிப்பாளரா? கட்டை யாருக்குச் சொந்தம்? 1855-இல் அவர் போட்ட கட்டடக்கலைக் கையேட்டுக்கு வெட்டியது 1867-இல் வந்த உலக வரலாற்றுக்கும் 1876 புத்தகத்துக்கும் வந்ததா?

ஆசிரியர் "இந்தப் பிரகாரத்துக்கு ஒரு படம் வேண்டும்" என்பார். பதிப்பாளர் "மதுரைக்கு ஏற்கெனவே இருக்கே, அது போதாதா" என்பார். உலகத்தில் எந்த பிரஸ்ஸிலும் நடக்கிற பேச்சு இது. அந்தப் பேச்சு காகிதத்தில் எங்கேயாவது இருக்கிறதா என்பதுதான் எனக்கு வேண்டும்.

பரமக்குடி டு எடின்பரோ:

வணக்கம் ஐயா. பரமக்குடிக்காரன், இங்கே படிக்க வந்தவன். நீங்கள் தேடுகிற காகிதம் எல்லாம் இந்த ஊரில்தான் இருக்கிறது. ஸ்காட்லாந்து தேசிய நூலகம், நான்காம் ஜார்ஜ் பாலம் என்கிற தெருவில். பெயர்தான் பாலம், அடியில் தண்ணீர் கிடையாது, இன்னொரு தெருதான் ஓடுகிறது. பாம்பனைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது பாலமே இல்லை.

மர்ரே கம்பெனி 1768-இல் தொடங்கியது. தொடங்கியவர் ஸ்காட்லாந்துக்காரர், கடை லண்டனில். ஏழு தலைமுறை அப்பன் பெயர், மகன் பெயர், பேரன் பெயர் எல்லாமே ஜான் மர்ரே. 2002-இல் கம்பெனி கைமாறியது. பழைய காகிதங்களை மட்டும் 2006-இல் இந்த நூலகம் 3 கோடியே 10 லட்சம் பவுண்டுக்கும் மேல் கொடுத்து வாங்கியது. பைரன், டார்வின், லிவிங்ஸ்டன் எல்லோருடைய கடிதமும் அதில் அடக்கம். பைரனின் சொந்த நினைவுக்குறிப்பை மட்டும் 1824-இல் அவர்கள் வீட்டுக் கணப்பிலேயே போட்டு எரித்துவிட்டார்கள். மற்றபடி இவர்கள் எதையும் தூக்கி எறிகிற ஆட்கள் இல்லை.

வெளியாள் பார்க்கலாம். வாசகர் அட்டை போட்டுக்கொண்டு, என்ன வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் அபூர்வ நூல் அறையில் எடுத்துத் தருவார்கள். பேனா கூடாது, பென்சில்தான்.

ஆனால் ஐயா, "கடிதம்" என்று போனால் உங்களுக்கு ஏமாற்றம் வரலாம். பெர்குசன் வீடு லாங்காம் பிளேஸ் 20. மர்ரே கடையும் வீடும் ஆல்பமார்ல் தெரு 50. நடுவில் ஒரு மைல்கூட இல்லை, ரீஜென்ட் தெரு வழியாக நடந்தால் கால் மணி நேரம். இரண்டு பேரும் 1808-இல் பிறந்த ஒரே வயதுக்காரர்கள். முக்கியமான பேச்சு எல்லாம் நேரில் முடிந்திருக்கும். காகிதத்தில் தங்குவது "புரூஃப் வந்தது", "நாலாம் பாரத்தில் தரைப்படம் தலைகீழாக இருக்கிறது", "வியாழக்கிழமை வருகிறேன்" என்கிற மாதிரிச் சில்லறைதான். (இவை நான் சும்மா சொல்லும் உதாரணங்கள், அவர் எழுதியவை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.) அந்தக் கால லண்டனில் ஒரு நாளைக்குப் பலமுறை தபால் பட்டுவாடா. காலையில் போட்டால் மத்தியானம் பதில். இன்றைய வாட்ஸ்அப் மாதிரிதான் எழுதியிருப்பார்கள். பலர் கிழமை மட்டும் போடுவார்கள், வருஷம் போட மாட்டார்கள். தாளை வெளிச்சத்தில் பிடித்து நீர்க்குறியில் வருஷம் இருக்கிறதா என்று தேட வேண்டும்.

இன்னொன்று. ஆசிரியர் அனுப்பியது பதிப்பாளரிடம் இருக்கும். பதிப்பாளர் அனுப்பியது ஆசிரியர் வீட்டுக்குப் போயிருக்கும். அதனால் பெரிய கம்பெனிகள் தாங்கள் அனுப்பியதற்கு ஒரு நகல் புத்தகம் வைத்திருப்பார்கள்: கையால் பெயர்த்து எழுதியது, அல்லது ஈரமான மெல்லிய தாளை மேலே வைத்து அழுத்தி எடுத்தது. அழுத்தி எடுத்ததில் எழுத்து இடம் வலம் மாறி ஏறும். தாளின் மறுபக்கத்திலிருந்துதான் வாசிக்க வரும். அச்சுக்காரருக்கு அது கஷ்டமாக இருக்காது, எனக்குத்தான் கண் வலிக்கும்.

உங்கள் கேள்விக்குப் பதில் கடிதத்தைவிடக் கணக்குப் பேரேட்டில் இருக்க வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு புத்தகத்துக்கும் தாள், அச்சு, கட்டு, படம், விளம்பரம் என்று செலவு எழுதி, அச்சிட்ட பிரதி, விற்ற பிரதி, மிச்சம் என்று இறக்கியிருப்பார்கள். மர்ரேயிடம் பரவலாக இருந்த ஏற்பாடு, போட்ட செலவு எல்லாம் பதிப்பாளருடையது, செலவு போக வரும் லாபத்தில் பங்கு. பாதிப்பாதி என்பது சகஜம். டார்வினுக்கு மூன்றில் இரண்டு பங்கு. உயிரினங்களின் தோற்றம் பற்றிய புத்தகம் 1859-இல் 1,250 பிரதி அடித்தபோது அவருக்குக் கிடைத்தது 180 பவுண்டு. இந்த மாதிரி ஏற்பாட்டில் கட்டை செதுக்கும் கூலி முதலில் கழிந்துவிடும். அப்புறம்தான் பங்கு. ஆக, படம் கூடக் கூட ஆசிரியர் கையும் சேர்ந்துதான் சுடும்.

பெர்குசன் மர்ரேயிடம் வந்த வழியையும் சொல்லிவிடுகிறேன். 1849-இல் அழகின் இலக்கணம் பற்றி ஒரு தத்துவப் புத்தகம் வேறு பதிப்பாளரிடம் போட்டார். முதல் பாகம் மட்டும்தான் வந்தது, அடுத்தது வரவே இல்லை. அதே 1849-இல் மர்ரே போட்ட, பழைய அசீரிய நகரமான நினிவேயைத் தோண்டியது பற்றி லேயார்ட் எழுதிய புத்தகம் லண்டனையே கலக்கியது. 1851-இல் நினிவே அரண்மனைகள் எப்படி இருந்திருக்கும் என்று பெர்குசன் எழுதியதை மர்ரே போட்டார். 1855-இல் படங்களோடு இரண்டு பாகக் கையேடு. 1865, 1867-இல் அதையே கலைத்து அடுக்கி உலக வரலாறு. அதற்கு மறுபதிப்பு வந்தபோது இந்தியப் பகுதியைப் பிரித்து 1876-இல் தனிப் புத்தகமாக்கினார்கள். பிரிக்கலாம் என்று முதலில் சொன்னது யார், எழுத்தாளரா, வியாபாரியா? நான் தேடினால் அதைத்தான் தேடுவேன்.

மூணாம் பிரகாரம்:

பாய், நான் ராமேஸ்வரத்தில் கைடு. பெர்குசனைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது ஒரே ஒரு வரிதான்: ரோமாபுரி பீட்டர் கோயில் நடுக்கூடமே 600 அடி, இங்கிலாந்துப் பெரிய கோயில் எதுவும் 500 அடிக்கு மேல் இல்லை, ராமேஸ்வரத்தில் பக்கப் பிரகாரம் 700 அடி. வெள்ளைக்காரப் பார்ட்டி வந்தால் கூசாமல் இதைச் சொல்லுவோம், டிப்ஸ் கூடும். ஆனால் அதே பக்கத்தில் முதலில் அவர் சொல்வதைச் சொல்ல மாட்டோம். திராவிடக் கட்டடத்தின் அழகு எல்லாம், குறை எல்லாம் ஒரே கோயிலில் பார்க்க வேண்டுமென்றால் இங்கேதான் வர வேண்டுமாம். பொறுமையாக உழைத்திருக்கிறார்கள், ஆனால் மொத்தத்துக்கும் ஒரு திட்டம் இல்லை என்பது அவர் குறை.

அளவைப் பார்ப்போம். மூன்றாம் பிரகாரத்துக்கு நாங்கள் சொல்கிற கணக்கு கிழக்கு மேற்காக 690 அடி, தெற்கு வடக்காக 435 அடி, தூண் 1,212. கோயிலின் எல்லாப் பிரகாரத்தையும் சேர்த்துக் கூட்டினால் 3,850 அடி. அவர் ஏறக்குறைய 4,000 என்று போட்டார், 700 என்று முழுசாக்கினார். நம்ம ஊர் டீக்கடைக் கணக்கைவிட மோசமில்லை.

தூண் எல்லாம் தரையிலிருந்து எழும்பவில்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டு பக்கமும் நெஞ்சு உயரத் திண்ணை, அதன் மேலேதான் தூண் நிற்கிறது. அதனால்தான் நடுவில் நடக்கிறவனுக்குத் தூண் வரிசை அவ்வளவு உயரமாகத் தெரிகிறது. 18-ஆம் நூற்றாண்டில் முத்துராமலிங்க சேதுபதி கட்டி முடித்த பிரகாரம். தீவு முழுக்க மணலும் பவளப் பாறையும்தான், பாம்பன் கால்வாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து கல்லைத் தோணியில் ஏற்றியல்லவா வந்திருக்க வேண்டும். லண்டன்காரர் திட்டம் இல்லை என்கிறார். எனக்கு அந்தத் தோணிக் கணக்கே போதும்.

இன்னொன்று சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். சேதுபதிகள் உருவம் ஒரு பக்கம், அவர்களின் மந்திரிகளான பிரதானிகள் உருவம் எதிர்ப்பக்கம் நிற்கிற தூண்களைப் பார்த்துவிட்டு, அண்மையில் இதற்கெல்லாம் வண்ணம் அடித்துக் கெடுத்துவிட்டார்கள், கட்டியவர்களின் பேரப் பிள்ளைகளா இப்படிச் செய்தார்கள் என்று பெர்குசன் ஆத்திரப்படுகிறார். 1876-இல்! ஒவ்வொரு கும்பாபிஷேகத்துக்கும் இங்கே அதே சண்டை நடக்கிறது. பிரகாரத்து வாசல் பக்கம் முத்துராமலிங்க சேதுபதியும் பிரதானி முத்திருளப்ப பிள்ளையும் இன்றைக்கும் பளபளவென்று நிற்கிறார்கள்.

படத்துக்கு மூலமான போட்டோவைப் பற்றி: கேப்டன் லயன் என்று ஒருத்தர் 1867–68-இல் சென்னை அரசாங்கத்துக்காகத் தெற்கே கோயில் கோயிலாகப் போய்க் கண்ணாடித் தகட்டில் படம் எடுத்தார். ராமேஸ்வரமும் அதில் உண்டு. அந்தப் படங்களுக்குக் குறிப்புப் புத்தகம் வந்தபோது அதைத் திருத்திக் கொடுத்தவர் பெர்குசன்தான். அதனால் உங்கள் மரக்கட்டைக்கு மூலம் லயன் படமாக இருக்கலாம் என்பது என் ஊகம். பெர்குசன் முன்னுரையில் தன்னிடம் இந்தியக் கட்டடங்களின் போட்டோ 3,000-க்கும் மேல் இருப்பதாகச் சொல்கிறார். இளவயதில் அவர் இந்தியாவில் சுற்றியபோது போட்டோ ஏது, கேமரா லூசிடா என்கிற பட்டகக் கண்ணாடி வழியாகப் பார்த்துப் பென்சிலால் கோடு இழுத்தவர்.

இப்போது உள்ளே மொபைலே கொண்டுபோக விடுவதில்லை. படம் வேண்டுமென்றால் அந்த மரக்கட்டைதான் கதி.

தொண்டிக் கடற்கரை:

காக்கா, எல்லாம் சரி. ஆனா கடிதம் படிக்கணும்னா ஏன் அவுரி (நீலச் சாயச் செடி) வியாபாரி கடிதம்? பெர்குசன் கல்கத்தாவில் கம்பெனி வச்சு, அவுரித் தோட்டத்தில் சம்பாதிச்ச காசில்தானே கோயில் பார்க்கக் கிளம்பினார். அவருக்கு முன்னாடியே தஞ்சாவூரில் பிறந்த ராம் ராஸ் இருக்கிறார். பெங்களூரில் நீதிபதி வேலை. மானசாரம் மாதிரி சிற்ப நூல் ஏடுகளைத் தேடி, கம்மாளர்களிடம் உட்கார்ந்து சொல்லுக்குச் சொல் அர்த்தம் கேட்டு எழுதினார். அவர் லண்டனில் இருந்த ரிச்சர்ட் கிளார்க்குக்கு எழுதிய கடிதங்களிலிருந்து சில பகுதிகள் 1834-இல் வந்த அவர் புத்தகத்தின் முன்னுரையிலேயே இருக்கு. புத்தகம் வந்தபோது ஆள் உயிரோட இல்லை. ஆசிரியர் – பதிப்பாளர் கடிதம்னா எனக்கு அதுதான். ஏடு ஓலை கிடைக்கலை, கிடைச்சதும் பாதி செல்லரிச்சது, பண்டிதருக்குச் சிற்பம் தெரியாது, சிற்பிக்குச் சமஸ்கிருதம் தெரியாதுன்னு ஒரு மனுஷன் கிடந்து தவிக்கிறான். ஆல்பமார்ல் தெருவில் டீ குடிச்சிக்கிட்டே புரூஃப் பார்க்கிறதில் என்ன இருக்கு?

கீழக்கரை பிரஸ்காரர்:

மூன்று பேருக்கும் நன்றி.

தொண்டித் தம்பிக்கு: ராம் ராஸ் கடிதத்தைப் படிக்கிறேன், சண்டை இல்லை. ஆனால் நான் கேட்டது யார் உயர்த்தி என்று இல்லை. நான் பிரஸ்காரன். டீ குடித்துக்கொண்டே புரூஃப் பார்ப்பதில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம், நான் கேட்க முடியாது. என் ஆயுள் அதில்தான் போனது.

கைடு தம்பி சொன்ன 3,000 போட்டோதான் எனக்கு ராத்திரி முழுக்க மண்டையில் ஓடியது. 3,000 வைத்திருக்கிறவர் எல்லாவற்றையும் செதுக்கக் கொடுக்க முடியாது. எடுத்தது போக விட்டது எவ்வளவு! எதை எடுக்கிறது, எதை விடுகிறது என்பதில் பாதி ரசனை, பாதி கூலி. தூணுக்குத் தூண் யாளியும் பூ வேலையும் இருக்கிற பிரகாரத்தைச் செதுக்குவது என்றால் செதுக்குகிறவன் நாள் கணக்கில் கூலி கேட்பான். வெறும் தரைப்படம் என்றால் ஒரே நாளில் முடியும். அதையும் மீறி நம்ம பிரகாரத்துக்கு ஒரு கட்டை கிடைத்திருக்கிறது. அதனால்தான் யார் விட்டுக்கொடுத்தது என்று கேட்கிறேன்.

விட்டதைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் கீழக்கரை ஜும்மா பள்ளியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சீதக்காதி காலத்துக் கட்டடம் என்பார்கள். கருங்கல் தூண், அதன் தலையில் உத்தரத்தைத் தாங்கும் போதிகை, தட்டைக் கல் கூரை. கைடு தம்பி தினமும் பார்க்கிற அதே தச்சு முறை. உருவம் மட்டும் இருக்காது. பூ, கொடி, வளையம் இருக்கும். கிழவன் சேதுபதிக்கும் சீதக்காதிக்கும் இருந்த சிநேகிதம் ஊரறிந்தது. கோயில் கட்டிய கை பள்ளியும் கட்டியிருக்கும், அதில் அதிசயம் இல்லை. பெர்குசன் புத்தகத்தில் இதற்கு இடமே கிடையாது. பௌத்தம், சமணம், திராவிடம், சாளுக்கியம், இந்தோ-ஆரியம், சாராசனிக் என்று இனவாரியாகப் பிரித்து வைத்திருக்கிறார். சாராசனிக் என்றால் முஸ்லிம் கட்டடங்கள்: டில்லி, ஜான்பூர், குஜராத், குல்பர்கா, பீஜப்பூர், மொகலாயர், அதாவது வளைவும் குவிமாடமும். திராவிடம் என்றால் கோயில், போனால் போகிறதென்று மதுரை நாயக்கர் மகால். தமிழ்த் தூணில் நிற்கிற பள்ளிவாசல், ஈய எழுத்தைப் பிரித்துப் போடும் கேஸில் (பெட்டியில்) கட்டம் இல்லாத எழுத்து. எழுத்துக் கோர்க்கிற கம்பாசிட்டர் அதை என்ன செய்வான்? தரையில் போட்டுவிடுவான்.

அவர் வேண்டுமென்று விட்டார் என்று நான் சொல்லவில்லை. கீழக்கரை அவர் காதில் விழுந்திருக்காது. ஆனால் கட்டடத்தைப் பார்த்தால் ஜாதி, இனம் எல்லாம் சொல்லிவிடலாம் என்று நம்பிய மனிதர் அவர். எங்கள் பள்ளியை ஒரு தடவை பார்த்திருந்தால் அந்த நம்பிக்கை கொஞ்சம் ஆட்டம் கண்டிருக்கும். 1910-இல் பர்ஜெஸ் என்பவர் இதே புத்தகத்தைத் திருத்தி இரண்டு பாகமாகக் கொண்டுவந்தபோதும் அதே கட்டம்தான். பர்ஜெஸ் ராமேஸ்வரத்துப் பூஜை முறை வரை எழுதியவர், இந்தக் கரை தெரிந்தவர். அவராவது கேட்டிருக்கலாம்.

பரமக்குடித் தம்பி, நீங்கள் சொன்னபடி கடிதத்தை விடுவோம். பேரேடு போதும்.

பரமக்குடி டு எடின்பரோ:

எந்தப் பக்கம், என்ன என்று குறித்துக் கொடுங்கள் ஐயா. பேரேடு என்றால் தலையணை தலையணையாக இருக்கும். சும்மா "பெர்குசன்" என்று கேட்டால் எதையாவது எடுத்துவந்து வைப்பார்கள். நான் படிக்கிறது கடல் உயிரியல், எனக்கு அச்சுக் கணக்கு தெரியாது. எதைப் பார்த்தால் நிறுத்த வேண்டும் என்று சொல்லுங்கள்.

பள்ளிவாசல் விஷயம் எனக்குப் புதிது. பக்கத்து ஊரில் பிறந்தும் உள்ளே போய்ப் பார்த்ததில்லை.

கீழக்கரை பிரஸ்காரர்:

வாருங்கள், வெள்ளிக்கிழமை தவிர எந்த நாளும் நானே கூட்டிப்போகிறேன்.

பேரேட்டில் 1874-இலிருந்து 1877 வரை பாருங்கள். 1876 புத்தகத்தின் கணக்கு அதற்குள்தான் தொடங்கி இருக்கும். தாள், அச்சு, பைண்டிங் என்று வரிகள் வரும், அதைத் தாண்டுங்கள். மரச்செதுக்கு, கட்டை, செதுக்குகிறவர் கூலி என்று ஏதாவது வரி வந்தால் அங்கே நிறுத்துங்கள். தொகை, தேதி, எதிரில் ஆள் பெயர் இருந்தால் அதுவும். கூலித் தொகை புத்தகத்தில் இருக்கிற படங்களின் எண்ணிக்கைக்கு ரொம்பச் சின்னதாக இருந்தால், பழைய கட்டைகளையே திரும்ப ஏற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். புதிதாகச் செதுக்கியது கொஞ்சம்தான், நம்ம பிரகாரம் அந்தக் கொஞ்சத்தில் ஒன்றாக இருக்கலாம். செம்பு நகல் என்றோ மின்முலாம் என்றோ ஒரு வரி இருந்தால் அதையும் விடாதீர்கள். மூலக் கட்டை தேயக்கூடாது என்று நகல் எடுத்து அதில் அடித்திருப்பார்கள். அப்படியானால் 1910-இலும் கோடு கூர்மையாக இருந்ததற்கு அதுதான் காரணம்.

பிறகு 1867 புத்தகத்தின் கணக்கையும் ஒரு பார்வை. இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் எது புதுசு, எது பழசு என்று எனக்குப் புரியும்.

படம் எடுக்க விடுவார்களா, நகலுக்கு என்ன கட்டணம் என்று முதலில் கேட்டுச் சொல்லுங்கள். பணத்தை அனுப்பிவிடுகிறேன், அப்புறம் வேலையைத் தொடங்கலாம். கடனுக்கு அச்சடிக்கிற பழக்கம் எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை.